பெங்களூரிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவு?

பெங்களூரிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவில் உள்ளது என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. வரைபடத்தில் இரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைத்து அளந்தால் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். சாலைவழி 350 கிலோமீட்டர் அளவு. இருப்புப்பாதையோ 360 கிலோமீட்டரை நெருங்குகிறது. நகரங்கள் இடம்பெயரவில்லை, வழிதான் வேறுபடுகிறது. பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, மேட்டுநிலத்தில் அமைந்தது. சென்னை கடலோர நகரம். செங்குத்தாக இறங்கத் தொடர்வண்டியால் இயலாது. ஆதலால் பாதை குன்றுகளை ஒட்டி வளைந்து வளைந்து தாழ்கிறது. வானூர்திக்கு அக்கட்டுப்பாடு இல்லை.

வானூர்திப் பயண அட்டவணையில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவும் பறக்கும் நேரமன்று. நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது, ஓடுபாதை வரை ஊர்வது, இறங்கிய பின் மீண்டும் ஊர்ந்து நிற்பது ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். வானில் இருப்பது முக்கால் மணி அளவே.

ஆயினும் பயணம் வானூர்தி நிலையத்தில் தொடங்குவதில்லை; வீட்டு வாயிலில் தொடங்குகிறது. 2008ஆம் ஆண்டில் தேவனஹள்ளியில் கெம்பேகவுடா பன்னாட்டு வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. அது நகரின் நடுப்பகுதியிலிருந்து 35 கிலோமீட்டர் அளவு தொலைவில் உள்ளது. பெங்களூரின் போக்குவரத்து நெரிசலில் அங்குச் செல்ல ஒன்றரை மணி ஆகலாம். பாதுகாப்புச் சோதனைக்காக ஒன்றரை மணிக்கு மேல் முன்னதாகவே சென்று காத்திருத்தல் வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கிச் சென்னை நகருக்குள் செல்லவும் நேரம் தேவை. எல்லாம் கூட்டினால் ஐந்து மணி ஆகிவிடும்! 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் தொடர்வண்டி ஏறத்தாழ நான்கரை மணியில் பெங்களூரிலிருந்து சென்னை சென்ட்ரலை அடைகிறது.

அல்சூரில் வாழும் ஒரு சிறுமியின் பாட்டி ஆம்பூரில் நோயுற்றிருப்பதாகக் கொள்வோம். எவ்வாறு சென்றால் விரைவில் பாட்டியைக் காணலாம்? இருப்புப்பாதையில் ஆம்பூர் ஏறத்தாழ நடுவழியில் உள்ளது. வானூர்தியில் சென்றால் ஆம்பூரைத் தாண்டிச் சென்னை வரை போய், பாதித் தொலைவு திரும்பி வர வேண்டும். வந்தே பாரத் வண்டியும் ஆம்பூரில் நிற்பதில்லை. பல ஊர்களில் நின்று நின்று செல்லும் வண்டியே அவளைப் பாட்டியிடம் முதலில் சேர்க்கும்.

அவ்வழி பழமையானது. 1864ஆம் ஆண்டிலேயே ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை வந்துவிட்டது. பிழைப்புத் தேடி வந்த தமிழர் பலர் இவ்வழியே பெங்களூர் வந்தனர். பங்காருப்பேட்டை கர்நாடகத்தில் உள்ளது, குப்பம் ஆந்திரத்தில், ஜோலார்பேட்டை தமிழ்நாட்டில். சன்னலோரம் அமர்ந்த சிறுமி நிலையப் பெயர்ப்பலகைகளில் கன்னடத்தையும் அடுத்துத் தெலுங்கையும் காண்பாள். பின்னர் வரும் தமிழ்ப் பெயர்களை எழுத்துக்கூட்டித் தானே படிப்பாள்: வாணியம்பாடி, ஆம்பூர்.

பயிற்சி

1. 360 கிலோமீட்டரை நான்கரை மணியில் கடக்கும் வண்டியின் சராசரி வேகம் யாது?

2. உம் சொந்த ஊரின் பெயரை எழுதுக. வீட்டு வாயிலிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் வழியையும் ஆகும் நேரத்தையும் பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.