வேறுபட்ட கணிப்பொறிகளும் பொது நெறிமுறையும்

மொழி வேறான வணிகர் இருவர் சந்திக்குமிடத்தில் முற்காலத்தில் துபாஷி ஒருவர் வேண்டியிருந்தது. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்க முற்பட்ட காலத்திலும் இத்தகைய தேவை எழுந்தது. அது நிறைவேறிய முறையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

1969ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு நான்கு ஆய்வு நிலையங்களை இணைத்தது. நான்கிலும் இருந்த கணிப்பொறிகள் நால்வகையின. ஒன்று 24 பிட்டுகளை ஓர் அலகாகக் கொண்டது. வேறொன்று 36 பிட்டுகளைக் கொண்டது. ஐ.பி.எம். 360 பொறியின் எப்சிடிக் முறையில் ஆங்கிலப் பேரெழுத்து 'ஏ' 193 என்னும் எண்ணால் குறிக்கப்படும்; ஆஸ்கி முறையிலோ அதன் எண் 65.

எண்களை வைக்கும் வரிசையிலும் வேறுபாடு உண்டு. 258 என்னும் எண்ணை 1, 2 என்னும் இரு பைட்டுகளாக எழுதலாம். முதலாவது 256இன் மடங்கு, அடுத்தது மிச்சம். சில பொறிகள் பெரிய மதிப்புடைய பைட்டை முன்வைக்கும். இன்டெல் வகைப் பொறிகள் சிறியதை முன்வைக்கும். ஒன்று அனுப்பிய 258ஐ மற்றொன்று தன் முறைப்படி படித்தால் 513 எனக் கொள்ளும். கம்பி வழியே பிழையின்றி வந்த செய்தியும் பொருளில் பிழையாகிவிடும்!

இதற்குத் தீர்வு யாது? பத்து வகைப் பொறிகளில் ஒவ்வோர் இணைக்கும் ஒரு துபாஷியை அமைத்தால் 45 துபாஷிகள் வேண்டும். பொது முறை ஒன்றை வகுத்தாலோ, ஒவ்வொரு வகைக்கும் ஒன்றாகப் பத்தே போதும். டெல்நெட் நெறிமுறை இவ்வழியையே மேற்கொண்டது. எங்கும் இல்லாத ஒரு பொது முனையத்தைக் கற்பனையாக வகுத்து, ஒவ்வொரு பொறியும் தன் முறையை அதற்கு மாற்றித் தருமாறு செய்தது. இணைய நெறிமுறையும் தன் தலைப்பகுதி எண்களில் பெரிய மதிப்புடைய பைட்டே முதலில் வரவேண்டும் என விதித்தது. பொறிக்குள்ளே வரிசை எதுவாயினும் ஆகுக. வெளியே செல்லும்போது ஒழுங்கு ஒன்றே.

பொறிகளேயன்றி வலையமைப்புகளும் பலவகைப்பட்டபோது, வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் இக்கருத்தை விரித்துரைத்தனர். எந்த வலையமைப்பும் தன் உள்ளமைப்பை மாற்ற வேண்டியதில்லை; எல்லையில் ஒரு வாயில் நின்று செய்திப் பொட்டலங்களைக் கைமாற்றினால் போதும் என்பது அவர்தம் கொள்கை. 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் இந்நெறிமுறைக்கு மாறியது.

எனினும் நெறிமுறைக்கு ஓர் எல்லை உண்டு. அது பைட்டுகளைச் சேர்ப்பிக்குமேயன்றி, அவை எவ்வெழுத்தைக் குறிக்கும் என்று அறியாது. 1990களில் ஓர் எழுத்துருவில் எழுதிய தமிழ் மடல், வேறோர் எழுத்துரு உடையவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது இதனாலேயே. வழியில் குறையில்லை, இருமுனைகளிடையே எழுத்து பற்றிய உடன்பாடே இல்லை. 1991இல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்கும் இடமளித்தது; அது பரவலாக ஏற்கப்பட்ட பின்னரே அக்குழப்பம் பெரிதும் தணிந்தது.

ஆகவே, இணைப்பு என்பது அனைத்தையும் ஒரே அச்சில் வார்ப்பதன்று. அவரவர் தம் இயல்பில் நின்று, சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒரு பொது ஒழுங்கைப் பேணுவதே நெறிமுறையாகும் என நாம் தெளியலாம்.