கம்ப்யூட்டர் பில்லில் முட்டுக்கட்டை: காரணமும் பரிகாரமும்



2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம்மில் பலர் இரண்டு, மூன்று கம்ப்யூட்டர் வைத்து பில் போடுகிறோம். கவுண்டரில் இருப்பவை பல என்றாலும் கணக்கு எழுதப்படுவது உள்ளே இருக்கும் ஒரே சர்வரில்தான். அந்த இடத்தில் வரக்கூடிய ஒரு கோளாறைப் பற்றி எழுதுகிறேன். நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

என் கடையில் நடந்தது

திருவாடானையில் எனக்கு மளிகை மொத்த வியாபாரம். ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், தொண்டி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் கூட்டம் நெருக்கியது. இரண்டு கவுண்டரிலும் பில் ஓடியது. அவ்வப்போது இரண்டு திரையும் சில விநாடி அசையாமல் நிற்கும். ஒன்றில் ஆங்கிலத்தில் ஏதோ செய்தி வரும். பையன் 'ஓகே' அழுத்துவான், பில் அச்சாகிவிடும். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பண்டிகை முடிந்து சரக்கிருப்பு எடுத்தோம். முண்டு மிளகாய் கம்ப்யூட்டரில் 46 மூட்டை, கிடங்கில் 43. மல்லியிலும் 3 மூட்டை குறைவு. ரொக்கமோ ஒரு ரூபாய் பிசகாமல் சரியாக இருந்தது. கிடங்கைப் பார்ப்பவர் என்னிடம் இருபது வருடமாக இருக்கிறவர். "சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். "எண்ணித்தான் ஏத்தினேன், முதலாளி" என்றார். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் பில் மென்பொருள் கொடுத்தவர்களின் ஆள் வந்து சர்வரின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தார். அந்த வாரத்தில் மூன்று இடத்தில் 'டெட்லாக்' என்று பதிவாகியிருந்தது. அந்த நேரத்துப் பில்களை எடுத்துப் பார்த்தோம். மூன்றிலும் மிளகாய் ஒரு மூட்டை, மல்லி ஒரு மூட்டை. பணம் வாங்கியாகிவிட்டது, சரக்கும் போய்விட்டது. ஆனால் இருப்பில் மட்டும் கழியவில்லை.

முட்டுக்கட்டை என்பது என்ன?

ஒரு சரக்கின் இருப்பை ஒரு கவுண்டர் மாற்றும்போது அந்த வரியை சர்வர் பூட்டிவிடும். இந்தப் பூட்டு நம் நன்மைக்கே. பூட்டு இல்லாவிட்டால் இரண்டு கவுண்டரும் ஒரே நேரத்தில் 46 என்று படித்து, ஆளுக்கொரு மூட்டை கழித்து, இரண்டும் 45 என்றே எழுதும். ஒரு மூட்டை கணக்கில் காணாமல் போகும்.

ஒருவர் பூட்டியிருக்க மற்றவர் காத்திருப்பது சாதாரண விஷயம். பாம்பன் பாலத்தில் ஒரு வண்டி போகும்போது எதிர்வண்டி மண்டபத்தில் நிற்கிறது. பாலம் காலியானதும் புறப்படுகிறது. இது காத்திருப்பு மட்டுமே. ஒற்றைத் தண்டவாளத்தின் நடுவே இரண்டு வண்டியும் எதிரெதிரே நின்றால் அதுதான் முட்டுக்கட்டை.

எங்கள் கடையில் முதல் கவுண்டர் மிளகாயை முதலில் அடித்து அதைப் பூட்டிக்கொண்டு மல்லிக்குக் காத்திருந்தது. இரண்டாவது கவுண்டர் மல்லியைப் பூட்டிக்கொண்டு மிளகாய்க்குக் காத்திருந்தது. யார் முதலில் விடுவது?

1971-லேயே காஃப்மன், எல்ஃபிக், சோஷானி என்ற மூவர் இதற்கு நான்கு நிபந்தனைகளைக் கூறினார்கள். பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்க முடியும். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்கிறார்கள். கையிலிருப்பதைப் பிறர் பிடுங்க முடியாது. காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வருகிறது. நான்கும் சேர்ந்தால்தான் முட்டுக்கட்டை. ஒன்றை உடைத்தாலும் அது வராது.

சர்வர் என்ன செய்கிறது?

மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வர் வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை இப்படி வட்டம் உண்டா என்று பார்க்கும். போஸ்ட்கிரெஸ் ஒரு விநாடி காத்திருந்துவிட்டுத் தேடும். கண்டால் ஒரு வேலையை ரத்து செய்து மற்றதை விடுவிக்கும். ரத்தான வேலையில் எழுதியது அனைத்தும் அழிந்து பழைய நிலைக்குப் போகும்.

இதில் தவறில்லை. தவறு எங்கள் பில் மென்பொருளில் இருந்தது. அது பில்லைத் தனியாக எழுதி முடித்துவிட்டு, இருப்பைக் கழிப்பதை வேறொரு வேலையாகச் செய்தது. இரண்டாவது ரத்தாகியும் முதலாவது நின்றுவிட்டது.

கவனிக்க வேண்டியவை

1. திரையில் வரும் செய்தியை முழுவதுமாக எழுதிவையுங்கள்; செல்போனில் படம் எடுத்தாலும் சரி. எண்ணை மட்டும் குறித்தால் போதாது. 1205 என்ற எண் எஸ்.கியூ.எல். சர்வரில் முட்டுக்கட்டையைக் குறிக்கும். மை எஸ்.கியூ.எல்.-இல் அதே எண், காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று பொருள்படும். அங்கே முட்டுக்கட்டைக்கு எண் 1213.

2. நேரம், எந்தக் கவுண்டர், என்ன சரக்கு என்பதையும் குறியுங்கள். சர்வரின் குறிப்பேட்டோடு ஒப்பிட இது உதவும்.

3. செய்தி வந்த பில்லின் சரக்கிருப்பை அன்றே சரிபாருங்கள்.

மென்பொருள் தருபவரிடம் கேட்க வேண்டியவை

1. பையன் எந்த வரிசையில் அடித்தாலும், சேமிக்கும்போது சரக்குக் குறியீட்டு எண் வரிசையிலேயே இருப்பு கழிய வேண்டும். எல்லாரும் மிளகாயை முதலில் கேட்டால் வட்டம் உண்டாகாது.

2. பில்லும் இருப்பும் ஒரே வேலையாக இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டும் முடிய வேண்டும். இல்லையேல் இரண்டும் ரத்தாக வேண்டும்.

3. ரத்தானால் மென்பொருள் தானே முழு வேலையையும் மறுபடி செய்து பார்க்க வேண்டும். அதன் பிறகே பில் அச்சாக வேண்டும்.

4. வாடிக்கையாளர் யோசிக்கும் நேரமெல்லாம் பூட்டு விழுந்திருக்கக் கூடாது. சேமிக்கும் அந்த நொடியில் மட்டும் பூட்டினால் போதும்.

5. சரக்கு அட்டவணைக்குச் சரியான இன்டெக்ஸ் இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு வரியைத் தேட சர்வர் பல வரிகளைத் தொடும். தேவையற்ற பூட்டுகள் விழும்.

இவற்றைச் செய்தாலும் முட்டுக்கட்டை அறவே வராது என்று சொல்ல முடியாது. வந்தாலும் கணக்கு கெடாது.

உண்மை தெரிந்த அன்று மாலையே கிடங்குக்காரர் வீட்டுக்குப் போனேன். "என் மேலதான் தப்பு, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் இன்றும் மூட்டை எண்ணும்போது என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்கிறார்.

ஆகவே, இருப்பு குறைந்தால் முதலில் சர்வரின் குறிப்பேட்டைப் பாருங்கள். ஆளைக் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.