மஞ்சள் அடித்த பிளாங்க்

அன்புள்ள மாணவிக்கு,

நீ அனுப்பிய படம் நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு வந்தது. 96 குழி எலிசா பிளேட், ஸ்டாப் சொல்யூஷன் ஊற்றியதும் எடுத்திருக்கிறாய். மேல் வரிசைகளில் பளிச்சென்று மஞ்சள். "சூப்பரா வந்திருக்கு மேடம். பிளாங்க் மட்டும் லேசா மஞ்சள் அடிக்குது, 0.4 வருது, கழிச்சிக்கலாம்னு சீனியர் சொன்னாங்க" என்று கீழே எழுதியிருந்தாய். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பிள் போடாத பிளாங்க் குழிகள் இருக்கும் கடைசி வரிசை பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது. வேண்டுமென்று வெட்டியிருக்க மாட்டாய். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான், வேண்டுமென்று இல்லாமல், வெட்டினேன்.

பிஎச்.டி.க்குச் சேர்ந்த வாரமே ஏதாவது புத்திமதி சொல்லுங்கள் என்று கேட்டாய். ரிட்டையரான வாத்தியாரிடம் அப்படிக் கேட்கக் கூடாது, நிறுத்த மாட்டோம் என்று சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று அந்தப் பாதி வரிசையைப் பார்த்ததும் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது. உன்னைப் போல நோயெதிர்ப்பியல் லேபுகளுக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காசநோய்க் கிருமியின் புரதம் ஒன்றை ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்துப் பிரித்தெடுத்து, மேக்ரோஃபேஜ் செல்கள்மேல் ஊற்றிப் பார்ப்பது என் வேலை. ஊற்றினேன். செல்கள் டிஎன்எஃப் என்ற அழற்சிச் சைட்டோகைனை அள்ளிக் கொட்டின. புரதத்தைக் கூட்டினால் டிஎன்எஃப் கூடியது, குறைத்தால் குறைந்தது. கோடு போட்டால் ஸ்கேல் வைத்து இழுத்தது போல இருந்தது. எட்டு மாதம் அந்தக் கோட்டோடு குடும்பம் நடத்தினேன். ஒரு கருத்தரங்கில் போஸ்டராக ஒட்டிவிட்டுப் பக்கத்திலேயே பெருமையாக நின்றேன். கதர்ச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்து, நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "இதைக் கொதிக்க வச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக்கூட நிற்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் கொதிக்க வைத்தேன். பத்து நிமிடம் கொதித்த புரதம் குலைந்து போகும். அதற்குப் பிறகு அது வேலை செய்யக் கூடாது. செய்தது. முன்பு வந்த அதே டிஎன்எஃப், அதே அழகான கோடு. ஈ.கோலையின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்ஸின் என் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அது கொதித்தாலும் சாகாது, ஆட்டோகிளேவுக்கும் மசியாது. கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதைப் போக்க வேண்டுமென்றால் 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். மேக்ரோஃபேஜுக்கோ அது மிக மிகச் சிறு துளி இருந்தாலே போதும். எட்டு மாதமாக நான் அளந்துகொண்டிருந்தது என் புரதத்தை அல்ல, ஈ.கோலையின் தோலை.

கண்ட்ரோல் வைக்கவில்லையா என்று கேட்பாய். வைத்தேன், வைக்காமல் இருப்போமா! புது பாட்டிலிலிருந்து எடுத்த சுத்தமான பஃபர், அதுதான் என் கண்ட்ரோல். அதில் எண்டோடாக்ஸின் எப்படி வரும்? அது ஈ.கோலை பக்கமே போகவில்லையே. புரதத்தின் ஜீன் இல்லாத வெறும் பிளாஸ்மிட்டை அதே பாக்டீரியாவில் போட்டு, அதே பிரிப்புக் குழாயில் ஓட்டி, அதே கையால் பிரித்தெடுத்ததை வைத்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்ட குழாய்க்குக் கண்ட்ரோல் என்று பெயர் வைத்துக்கொண்டு எத்தனை பேர் வண்டி ஓட்டுகிறோம்! உண்மையான கண்ட்ரோல் என்றால், எல்லாவற்றையும் செய்துவிட்டு, நீ சந்தேகப்படும் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். உன் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் அந்தக் குழாயில்தான் காட்ட வேண்டும். சாம்பிளில் காட்டுவதற்குப் பெரிய கெட்டிக்காரத்தனம் தேவையில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் சேர்ந்து வேலை செய்த கதையை நீ வகுப்பில் கேட்டிருப்பாய். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் சந்தித்துப் பேச ஆரம்பித்தார்கள் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். 1995-ல் கரிக்கோவைப் பதவி இறக்கியதையும் 2023-ல் நோபல் கொடுத்ததையும் அடுத்தடுத்து வைத்து, விடாமுயற்சி வெல்லும் என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. விடாமுயற்சியோடு தப்பான வழியில் போய்க்கொண்டே இருந்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எட்டு மாதம் நானும் அவர்களில் ஒருத்தி. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. எம்ஆர்என்ஏவை டென்ட்ரிடிக் செல்கள்மேல் போட்டால் செல்கள் ஆவேசம் வந்த மாதிரி அழற்சி காட்டின. வைரஸ் நுழைந்துவிட்டது என்று அவை எடுத்துக்கொண்டன. மருந்தாக வேண்டிய பொருளை உடம்பு எதிரியாகப் பார்த்தால் அத்தோடு கதை முடிந்தது. ஆனால் கண்ட்ரோலாகப் போட்ட டிஆர்என்ஏவுக்குச் செல்கள் அசையவே இல்லை. அதுவும் ஆர்என்ஏதான், அப்புறம் ஏன் இந்த அமைதி?

கண்ட்ரோல் சும்மா இருப்பது இயல்புதானே என்று நாமாக இருந்தால் அடுத்த வேலைக்குப் போயிருப்போம். அவர்கள் அங்கேயே நின்றார்கள். டிஆர்என்ஏவில் யூரிடின் முதலான எழுத்துகள் பல வேதிமாற்றம் அடைந்திருக்கும். அந்த மாற்றங்கள்தான் செல்லை ஏமாற்றுகின்றனவா என்று பார்க்க, எம்ஆர்என்ஏவில் யூரிடினுக்குப் பதிலாக சூடோயூரிடினை வைத்தார்கள். அழற்சி அடங்கியது. 2005-ல் 'இம்யூனிட்டி' இதழில் அது வந்தபோது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினைந்து வருடம் கழித்து ஃபைசர்-பயோஎன்டெக், மாடர்னா இரண்டின் கொரோனா தடுப்பூசியிலும் இருந்தது அந்த சூடோயூரிடினின் நெருங்கிய உறவுதான். ஒன்றும் நடக்காத குழாயைப் பார்த்து ஏன் நடக்கவில்லை என்று கேட்டதில் பிறந்தது அது.

இதன் மறுபக்கத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2006 மார்ச் 13, லண்டனில் ஒரு மருத்துவமனை வளாகம். திடகாத்திரமான எட்டு ஆண்கள். ஆறு பேருக்கு டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி, இரண்டு பேருக்கு மருந்தில்லாத பிளசிபோ. டி செல்லின் சிடி28 என்ற பொத்தானை நேரடியாக அழுத்தும் ஆன்டிபாடி அது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து கிளைத்தது. குரங்குகளுக்குத் தீங்கில்லாமல் கொடுத்த அளவில் 500-ல் ஒரு பங்குதான் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். ஆறு பேருக்கும் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி, குளிர், வாந்தி. அப்புறம் ரத்த அழுத்தம் விழுந்து, நுரையீரலும் சிறுநீரகமும் தத்தளித்து, ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள். ஒருவர் விரல்களை இழந்தார். பிளசிபோ போட்ட இருவருக்கும் எதுவும் ஆகவில்லை.

குரங்கு ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? பரிசோதனைக்கு எடுத்த குரங்கினத்தில், நினைவு டி செல்களில் ஒரு வகை முதிர்ந்ததும் சிடி28-ஐ இழந்துவிடும். மனிதனில் அது அப்படியே இருக்கும். பொத்தானே இல்லாத செல்லில் அழுத்திப் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இதில் உன் பிளேட்டுக்குச் சொந்தமான சங்கதி ஒன்று உண்டு. மனித ரத்தச் செல்களில் அந்த ஆன்டிபாடியைக் கரைசலாக ஊற்றினால் குழியில் ஒன்றும் நடக்காது. பின்னால் சோதித்தவர்கள் அதையே குழியின் அடியில் உலர வைத்து ஒட்டிவிட்டு, மேலே செல்களைப் போட்டார்கள். சைட்டோகைன் கொட்டியது. மருந்தும் மாறவில்லை, செல்லும் மாறவில்லை, ஊற்றிய விதம்தான் மாறியது. ஆகவே 'நெகட்டிவ்' என்று நோட்டில் எழுதும்போது, எப்படிச் செய்து நெகட்டிவ் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடு.

நீ ரத்தம் கேட்டு நோயாளிகளிடம் போவாய். ஒப்புதல் படிவத்தில் 'நோய் எதிர்ப்பு சக்தி' என்று அடித்திருக்கும். அந்தச் சொல்லோடு எனக்கு நாற்பது வருடச் சண்டை. 'சக்தி' என்று சொல்லிவிட்டோமா, உடனே அது கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று ஆகிவிடுகிறது. பவுடர் விற்கிறவனுக்கும் கொண்டாட்டம். மூட்டு வீங்கி விரல் மடங்காமல் உன் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கு அந்தச் 'சக்தி' ஏற்கெனவே இருக்கக் கூடாத இடத்தில் அளவுக்கு மீறி இருக்கிறது. லண்டனில் அந்த ஆறு பேருக்கு வந்ததும் அதேதான், அளவில்லாமல். படிவத்தை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், உடம்புக்குள் காவல் இருக்கிறது, அந்தக் காவல் சில சமயம் வீட்டுக்காரரையே அடிக்கும் என்று உட்கார்ந்து சொல். புரிந்துகொள்வார்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

உன் பிளேட்டில் நீ அளந்தது ஐஎல்-6 என்ற சைட்டோகைன். அதன் ஜீனை 1986-ல் பிரித்தெடுத்தது ஒசாகா பல்கலைக்கழகத்தில் கிஷிமோட்டோவின் குழு. அந்தத் தடத்தில் வந்த, ஐஎல்-6-இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் மூட்டுவாதத்துக்கான மருந்தானது. 2012-ல் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு, அவளுடைய டி செல்களையே மாற்றியமைத்து ரத்தப் புற்றுநோய்க்கு எதிராக ஏற்றினார்கள். கார்-டி சிகிச்சை பெற்ற முதல் குழந்தை அவள். காய்ச்சல் ஏறி, வென்டிலேட்டரில் கிடந்தாள். ரத்தத்தைச் சோதித்தால் ஐஎல்-6 ஆயிரம் மடங்கு ஏறியிருந்தது. அந்த ஆய்வை நடத்திய கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம். அதனால் டோசிலிசுமாப் அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தார்கள், பிழைத்தாள். ஐஐடி பம்பாயும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்துவிட்டது. எங்கோ ஒரு வார்டில், ராத்திரி இரண்டு மணிக்கு, ஐஎல்-6 எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு ஒரு டாக்டர் நிற்பார். அந்த எண்ணில் பிளாங்க்கின் மஞ்சள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

நம் ஊரிலேயே ஒரு பெரிய பிளாங்க் வரிசை இருந்தது. 1968-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில், பிசிஜி ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்கக் கிளம்பினார்கள். இரண்டரை லட்சம் பேருக்கு மேல். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வெறும் பிளசிபோ. யாருக்கு எது போனது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயில் பிசிஜி போட்டவர்களுக்கும் பிளசிபோ போட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 1979-ல் வெளியிட்டார்கள். பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்தும் பெரியவர்கள் விஷயத்தில் முடிவு மாறவில்லை. உலகமே நம்பியிருந்த ஊசி. பிரிட்டனில் நன்றாக வேலை செய்த ஊசி. திரித்து எழுத எவ்வளவு வசதி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அப்படியே எழுதினார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் பங்காளிகள் நம் மக்களின் உடம்பை ஏற்கெனவே பழக்கி வைத்திருக்கலாம் என்ற விவாதம் அதனால் சூடு பிடித்தது; இன்னும் நடக்கிறது. கைக்குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காப்பதால் பிறந்ததும் பிசிஜி போடுவது மட்டும் தொடர்கிறது. அந்தக் கிராமங்களில் பிளசிபோ வாங்கிக்கொண்டு சோதனைக்குக் கையை நீட்டியவர்களை எந்தப் பாடப்புத்தகமும் பெயர் சொல்லி நினைப்பதில்லை. எனக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர்கள் நினைவு வரும்.

சரி, உன் பிளேட்டுக்கு வருகிறேன். பிளாங்க் 0.05, 0.08 என்று இருந்தால் பேசாமல் கழித்துக்கொள். உனக்கு 0.4 வந்திருக்கிறது. அதைக் கழிப்பது, ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரம் வைப்பது மாதிரி. எல்லாக் குழியிலும் ஒரே அளவு ஏறியிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வாய்? வாஷ் சரியாகப் போகவில்லையா பார். கடைசி வாஷுக்குப் பிறகு பிளேட்டைக் கவிழ்த்து டிஷ்யூமேல் தட்டும்போது கை சலித்துக்கொள்ளும். கான்ஜுகேட் தொட்ட டிப்பாலேயே டிஎம்பி எடுத்தாயா? மீந்த டிஎம்பியை யாராவது திரும்ப பாட்டிலில் ஊற்றினார்களா? இதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார், நீலம் தட்டியிருந்தால் அதுவே சாட்சி. பிளாக்கிங் பஃபரைப் புதிதாகக் கலக்கு. ஓரக் குழிகளில் மட்டும் மஞ்சளா, எல்லாவற்றிலுமா என்பதையும் பார்த்து எழுது.

கைடிடம் கிராஃபைக் காட்டுவதற்கு முன்னாலேயே, "சார், பிளாங்க் 0.4 வந்திருக்கு" என்று வாயைத் திறந்து சொல்லிவிடு. கிராஃபைப் பார்த்து அவர் முகம் மலர்ந்த பிறகு சொல்வது ரொம்பக் கஷ்டம். எனக்குத் தெரியும்.

நாளைக்குத் திரும்பவும் ஓட்டு. பிளாங்க்கை ஒரே ஓரத்தில் வைக்காமல் நடுவில் இரண்டு குழியும் விடு. படம் எடுக்கும்போது போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடி, கடைசி வரிசை முழுசாகத் தெரியட்டும். எத்தனை மணியானாலும் அனுப்பு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய மேடம்