ஆட்டு ரோமத்துக்கு ஜமக்காள வைத்தியம்

பவானி ஜமக்காளம் விரித்து வளர்ந்த வீடுகள் நம்முடையவை. காதுகுத்தோ பஜனையோ, முடிந்ததும் உதறிச் சுருட்டுவோம். அழுக்கேறினால் கல்லில் அடித்துத் துவைத்து மொட்டைமாடி வெயிலில் போடுவோம். பருத்தி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டது. காஷ்மீரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்தின் பதோஹியிலிருந்தோ கையால் முடிச்சிட்ட கம்பளம் ஒன்று வீட்டுக்கு வந்ததும், அதற்கும் இதே வைத்தியத்தைச் செய்கிறோம்; அங்கேதான் கெடுகிறது. ஜமக்காளம் பாவும் ஊடையுமாக நெய்த தட்டைத் துணி. கம்பளம், பருத்திப் பாவில் ஒவ்வொன்றாக முடிந்த ஆட்டு ரோமம். முடிக்கு ஆகாத எதுவும் அதற்கும் ஆகாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள நம்பிக்கைகளில் பாதி தானாக உதிரும்.

நம்பிக்கை: கம்பளத்தில் தண்ணீர் படவே கூடாது.

உண்மை: ஆடு மழையில் நனைந்துதான் மேய்கிறது. ஈரானில் காஷான் நகருக்கு அருகே மஷ்ஹத் அர்தஹாலில் ஆண்டுதோறும் ஒரு கம்பளத்தை ஓடும் நீரில் அலசும் சடங்கே உண்டு. யுனெஸ்கோ 2012இல் அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. டெஹ்ரானை ஒட்டிய ரே நகரின் சஷ்மே அலி ஊற்றில் மக்கள் கம்பளங்களைக் கழுவிப் பாறைகளில் காயப்போட்டு வந்தார்கள்.

கெடுப்பது நனைவதல்ல, நனைந்தபடி கிடப்பது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சினாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது. மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று விரிக்கிறோம். அடியில் பருத்திப் பாவு ஈரத்தோடு கிடந்து பூஞ்சை பிடித்து உளுத்துப்போகிறது. கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கம்பளத்தின் மேல் பூந்தொட்டி வைப்பவர்கள் ஒருநாள் தொட்டியை நகர்த்திக் கீழே பார்க்கட்டும்.

நம்பிக்கை: அப்படியானால் டிரை கிளீனிங்தான் பாதுகாப்பு.

உண்மை: டிரை கிளீனிங் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். மணலையும், வியர்வையும் சிறுநீரும் விட்டுப்போகும் உப்பையும் அது கரைக்காது. கம்பளியில் இயல்பாக ஒட்டியிருக்கும் லேனோலின் என்ற மெழுகைத்தான் துடைத்தெடுக்கும். எண்ணெய் வற்றிய தலைபோல ரோமம் வறண்டு உடையத் தொடங்கும்.

நம்பிக்கை: பார்க்கச் சுத்தமாக இருந்தால் போதும்.

உண்மை: கம்பளத்தின் எதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை. செருப்போடு வரும் நுண்மணல் ரோமங்களுக்கு இடையே இறங்கி முடிச்சின் அடியில் தங்குகிறது. மேலே நடக்கும் ஒவ்வொரு முறையும் அதன் கூர்முனைகள் ரோமத்தின் வேரை அறுக்கின்றன. நடைபாதையில் மட்டும் கம்பளம் வழுக்கையாவது இதனால்தான். ஒரு மூலையைத் திருப்பிப் பின்பக்கம் தட்டிப் பாருங்கள். புழுதி கொட்டினால் சலவைக்கு நேரம் வந்துவிட்டது.

வாரம் ஒருமுறை வாக்யூம் கிளீனர் போடலாம்; சுழலும் பிரஷ் வேண்டாம், ரோமம் சாயும் திசையிலேயே இழுக்க வேண்டும். அவ்வப்போது கவிழ்த்துப்போட்டுப் பின்பக்கமாக மெல்லத் தட்டினால் மணல் தானே தரையில் இறங்கும். ஜமக்காளத்தை அடிப்பதுபோல் தடியால் விளாசினால் பழைய கம்பளத்தின் பாவு அறுந்துவிடும். ஓரக் குஞ்சத்தின் மேல் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. அழகுக்காகத் தைத்தது என்று பலர் நினைக்கும் அந்தக் குஞ்சம், கம்பளம் முழுக்க ஓடும் பாவு நூல்களின் நுனி. அது பிய்ந்தால் அடுத்து அவிழ்வது முடிச்சுகள்.

நம்பிக்கை: கறைக்குச் சோப்புத்தூளும் சமையல் சோடாவும் போதும், போகாவிட்டால் பிளீச்.

உண்மை: சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே வேதியியல்தான். துணிச்சோப்பு காரத்தன்மை உடையது என்பதற்கு அந்தச் சிவப்பே சாட்சி. பருத்தி அதைத் தாங்கும். கம்பளியும் பட்டும் நம் முடியைப்போலப் புரதம். காரம் அவற்றை அரிக்கும். சமையல் சோடாவும் காரம்தான். போதாததற்கு அதன் தூள் முடிச்சுகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பிளீச்சைப் பற்றிப் பேசவே வேண்டாம். கம்பளி நூல் ஒன்றை அதில் ஊறவைத்தால் நூலே கரைந்து காணாமல் போகும். வெந்நீரில் போட்டுத் தேய்த்தாலோ ரோமம் ஒன்றோடொன்று சிக்கிச் சடையாகிவிடும்.

ஏதாவது சிந்தினால் உடனே வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். பிறகு கொஞ்சம் குளிர்ந்த நீர், மறுபடியும் ஒற்றல். மற்றதைச் சலவைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: நல்ல வெயிலில் போட்டால் எல்லாம் சரியாகும்.

உண்மை: லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அர்தபீல் கம்பளம் இருக்கிறது. ஹிஜ்ரி 946, அதாவது 1539–40 என்று நெய்தபோதே ஆண்டு பொறித்த பாரசீகக் கம்பளம் அது. சாயம் வெளுத்துவிடக் கூடாது என்பதற்காக அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே அதன்மீது விளக்குப் போடுகிறார்கள். விளக்குக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் நம் ஊர் மே மாத வெயிலை என்ன சொல்வது? கம்பளத்தை நிழலில், காற்றோட்டத்தில் காயவிடுங்கள். ஜன்னலோரம் விரித்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போடுங்கள். நிறம் தேய்வதும் ரோமம் தேய்வதும் ஒரே சீராக இருக்கும்.

நம்பிக்கை: அந்துருண்டை போட்டுப் பாலித்தீனில் கட்டினால் பூச்சி வராது.

உண்மை: பறக்கும் அந்துப்பூச்சி கம்பளத்தைத் தின்பதில்லை, தின்பது அதன் புழு. இருட்டும் அமைதியும் இருக்கும் இடம் அதற்குப் பிடிக்கும்: சோபாவின் அடி, பீரோவின் பின்புறம், பரணில் சுருட்டிய கம்பளம். அந்துருண்டை வேலை செய்ய வேண்டுமானால் அதன் ஆவி காற்றுப் போகாத இடத்தில் செறிந்து நிற்க வேண்டும். அந்த அளவு ஆவி மனிதருக்கும் நல்லதல்ல, குழந்தைகளுக்குச் சொல்லவே வேண்டாம். பாலித்தீனோ உள்ளிருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கும்.

கழுவி நன்றாக உலர்த்திய கம்பளத்தை மடிக்காமல் சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பூச்சி ஏறிய சிறு விரிப்பை உறையில் கட்டி மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை உட்பட எல்லாம் சாகும். குளிர் கம்பளியைக் கெடுக்காது. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் 1949இல் பசிரிக் கல்லறையிலிருந்து எடுத்த முடிச்சுக் கம்பளம் 2,000 ஆண்டுக்கும் மேலாகத் தப்பியது பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்ததால்தான்.

நம்பிக்கை: கையால் செய்த கம்பளம் என்றால் எல்லாம் ஒரே வகைதான்.

உண்மை: பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கப் பூவேலை பின்னாலும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது முடிச்சுக் கம்பளம். பின்னால் துணி ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் டஃப்டட் வகை. அதுவும் கைவேலைதான், ஆனால் ரோமத்தைப் பிடித்திருப்பது முடிச்சல்ல, லேடெக்ஸ் பசை. தண்ணீரில் ஊறவைத்தால் பசை விட்டுப்போகும். பட்டு என்று விற்கும் விரிப்புகளில் சில விஸ்கோஸ் நூலால் ஆனவை. நனைந்தால் பலமிழந்து, காய்ந்ததும் மஞ்சளித்து முரடாகும். ஓர இழை ஒன்றைக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: பட்டும் கம்பளியும் முடி கருகிய வாடை அடிக்கும், விஸ்கோஸ் காகிதம் எரிந்த வாடை அடிக்கும். எந்த வகை என்று தெரியாமல் சலவைக்கு அனுப்பாதீர்கள்.

சலவைக்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். நனைக்கும் முன் தூசியை எப்படி எடுப்பீர்கள்? சாயம் ஓடுமா என்று ஒவ்வொரு நிறத்திலும் ஈர வெள்ளைத் துணி வைத்துப் பார்ப்பீர்களா? அலசும் நீர் தெளியும்வரை அலசுவீர்களா? எங்கே, எத்தனை நாள் உலர்த்துவீர்கள்? நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். உங்கள் ஹாலிலேயே நுரை போட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்று வருபவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.