பெட்டல்ஜூஸ்: விண்மீன் பெயரின் அரபு மூலமும் எழுத்து மயக்கமும்

முன்னுரை

உலகளவில் இன்று வழங்கும் விண்மீன் பெயர்களுள் பல அரபு மூலத்தன. ஓரியன் குழுவில் செந்நிறமாக ஒளிரும் பெட்டல்ஜூஸ் அவற்றுள் ஒன்று. தமிழ் மரபில் திருவாதிரையாக அடையாளங்காணப்பெறும் இவ்விண்மீனின் அயல்வழக்குப் பெயர், எழுத்து மயக்கத்தால் இன்றைய வடிவம் பெற்றமையை இக்கட்டுரை விளக்குகிறது.

அரபு மூலம்

கிரேக்கர் வேட்டுவனாகக் கண்ட விண்மீன்களைப் பண்டை அரபியர் ‘அல்-ஜவ்ஸா’ என்னும் பெண்ணுருவாகக் கண்டனர். இச்சொல்லை ‘நடு’ எனும் பொருளுடைய வேரோடு தொடர்புபடுத்துவர். கிரேக்க மரபையொட்டித் தாலமி இவ்விண்மீனை வேட்டுவனின் வலத்தோளில் வைத்தார். அரபியரோ ‘யத் அல்-ஜவ்ஸா’, அதாவது ‘ஜவ்ஸாவின் கை’ என்றனர். கி.பி. 964 அளவில் அல்-சூஃபி இயற்றிய நிலைவிண்மீன்கள் பற்றிய நூல் இவ்விரு மரபுகளையும் பதிவுசெய்கிறது.

எழுத்து மயக்கம்

அரபு எழுத்து முறையில் யகர, பகர எழுத்துகள் சொல்முதலில் ஒரே கோட்டு வடிவின. கீழே இரு புள்ளி பெறுவது யகரம். ஒரு புள்ளி பெறுவது பகரம். 13ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு மாற்றியபோது யகரம் பகரமாகப் படிக்கப்பட்டது. ‘யத்’ என்பது ‘பெத்’ ஆயிற்று. எ, ஏ எழுத்துகளைப் பிரிக்கும் புள்ளி ஏட்டுச்சுவடிகளில் இடப்படாமையால் ‘எரி’, ‘ஏரி’ மயங்குவதை அறிந்த தமிழ்ப் பதிப்பாய்வுக்கு இந்நிகழ்வு புதிதன்று.

பிழைவழிப் பொருள்

பிழைபட்ட வடிவையே மூலமாகக் கொண்ட பிற்கால அறிஞர் சிலர் ‘அக்குள்’ எனப் பொருள் கண்டனர். ஆனால், அக்குளைக் குறிக்கும் அரபுச் சொல் ‘இப்த்’. அதன் முதலுயிர் இலத்தீன் வடிவத்தில் இல்லை. விண்மீன் தோளருகே அமைந்தமையால் மட்டுமே இவ்விளக்கம் பொருத்தமாகத் தோன்றியது. இதன் தவற்றை ஜெர்மானிய அரபியல் அறிஞர் பவுல் குனிட்ச் தெளிவுபடுத்தினார். அதே குழுவின் ரிகெல் விண்மீனது பெயர் ‘ரிஜ்ல் அல்-ஜவ்ஸா’, அதாவது ‘ஜவ்ஸாவின் கால்’ என்பதன் திரிபாகும். கையும் காலும் ஒரே உருவின் உறுப்புகளாக நிற்பது ‘யத்’ என்னும் பாடத்தை வலுப்படுத்துகிறது.

முடிவுரை

2016இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ‘பெட்டல்ஜூஸ்’ என்பதையே ஏற்றது. வழக்கு பிழையை நிலைபெறச் செய்துவிட்டது. ஆயினும், வழக்கில் நிலைத்த வடிவம் சொல்லின் மூலத்துக்குச் சான்றாகாது. பொருள் பொருந்துகிறது என்பதும் போதிய சான்றன்று. எழுத்து வரலாறும் இணைச்சொல் சான்றும் ஒருங்கே துணைநின்றால்தான் வேர்ச்சொல் முடிவு உறுதிபெறும். அயற்சொல் ஆய்வில் ஈடுபடும் தமிழாய்வாளருக்கும் இந்நெறி பொருந்தும்.