கொதிக்க வைத்த தண்ணீரும் மூலப்பொருள்தான்: ஆரணிப் பட்டு சொல்லும் பாடம்

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. சேலையின் பளபளப்பு நமக்குத் தெரியும். அந்தப் பளபளப்பு வருவதற்காக நூலிலிருந்து கழற்றி எடுக்கப்படும் பொருளைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

எதை வெளியே ஊத்துறோம்?

பட்டு நூலில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் இழை ஃபைப்ராயின். அதன்மேல் பூசியிருக்கும் பசை செரிசின். புழு கூடு கட்டும்போது இழைகளை ஒட்ட வைப்பது இந்தப் பசைதான். பசை இருந்தால் நூல் விறைப்பா இருக்கும், சாயமும் சீராப் பிடிக்காது. அதனால் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசையை நீக்குகிறார்கள். 100 கிலோ கச்சாப் பட்டு நூலில் 20 முதல் 25 கிலோ வரை இப்படிக் கரைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரோடு போய்விடுகிறது.

போவது எடை மட்டும் இல்லை. புரதம் கலந்த தண்ணீர் தேங்கினால் அழுகி நாற்றம் அடிக்கும், நீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். சோடாவின் காரமும் சேர்ந்துகொள்ளும். சுத்திகரிக்காமல் சாக்கடையில் விட்டால் அது கடைசியில் ஆற்றுக்கோ நிலத்தடி நீருக்கோதான் போய்ச் சேரும். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பசைக்கு என்ன மதிப்பு?

செரிசின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதனால் முகப்பூச்சு, கூந்தல் பராமரிப்புப் பொருட்களில் சேர்க்கிறார்கள். புண்ணுக்குக் கட்டும் மருந்துத் துணியில் பயன்படுத்தும் ஆய்வுகளும் பல நாடுகளில் நடந்துள்ளன. ஜப்பானின் ஃபுக்குய் பகுதியில் 1889-ல் தொடங்கிய செய்ரென் நிறுவனத்தின் பெயருக்கே பசை நீக்குதல் என்றுதான் பொருள். நாள் முழுக்கத் தண்ணீரில் வேலை பார்த்தும் தொழிலாளர்களின் கை மிருதுவாக இருந்ததே, ஏன்? அந்தக் கேள்விதான் பின்னாளில் செரிசின் அழகுப் பொருட்களில் போய் முடிந்தது. ஆய்வகம் போட்ட கேள்வி இல்லை அது, தொழிற்கூடம் போட்ட கேள்வி.

அப்போ ஏன் எல்லாரும் எடுக்கலை?

காரணம் கலப்படம். சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரிலிருந்து செரிசினை மட்டும் தனியாகப் பிரிப்பது கஷ்டம், செலவும் அதிகம். அதோடு சாயத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் விட்டால் கதை முடிந்தது. வேறு வழியும் உண்டு. ரசாயனம் இல்லாமல், மூடிய கலனில் அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெறும் தண்ணீரைக் கொண்டே பசையைக் கரைக்கலாம். பிறகு சவ்வு வடிகட்டியால் அடர்த்தியாக்கி, உலர்த்திப் பொடியாக்கலாம்.

ஆனால் இந்தக் கருவிகளை ஒரு சின்னப் பட்டறை தனியாக வாங்க முடியாது. ஆய்வகத்துக்கோ, தினமும் ஒரே தரத்தில் கழிவுநீர் கிடைக்க வேணும். ஆளுக்கு ஒரு பக்கமாக வேலை செய்தால் இரண்டும் நடக்காது. கூட்டு ஆய்வு தேவைப்படுவது இங்கேதான்.

திருப்பூர் எப்படிச் செய்தது?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிழைப்பே நின்றுபோன நிலையில் பட்டறைக்காரர்கள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், பொறியாளர்கள், அரசு எல்லாரும் சேர்ந்து வழி தேடினார்கள். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புக் கரைசலைத் தெளியவைத்து, அதையே மறுபடி சாயமிடப் பயன்படுத்தும் முறை செய்து காட்டப்பட்டது. கழிவாக இருந்த உப்பு, மறுபடி மூலப்பொருள் ஆனது.

பருத்திச் சாயமும் பட்டுப் பசையும் வேறு வேறுதான். ஆனால் பாடம் ஒன்றே: கழிவு பிறக்கும் இடத்திலேயே பிரித்து வைத்தால் அது சரக்கு, கலந்துவிட்டால் குப்பை.

நீங்கள் என்ன செய்யலாம்?

பட்டறை வைத்திருப்பவரா? பசை நீக்கிய தண்ணீருக்கும் சாயத் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி வையுங்கள். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ன்படி கழிவுநீரை வெளியேற்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். அதற்கு இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம்.

சங்கமாகச் சேர்ந்திருக்கிறீர்களா? பொது வசதி மையம் அமைக்கக் குழும மேம்பாட்டுத் திட்டங்களில் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். தொழில்நுட்ப உதவிக்கு பெங்களூரில் உள்ள மத்திய பட்டுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

ஊர்வாசியா? கழிவுநீர் திறந்து விடப்படுவதைப் பார்த்தால் இடம், நாள், நேரத்தைக் குறித்துக்கொண்டு முதல்வரின் உதவி மையத்துக்கு, 1100 என்ற எண்ணில், சொல்லுங்கள். கூடவே, "இதைத் தனியாகப் பிடிக்க ஒரு பொதுத் தொட்டி கட்டலாமே" என்று உங்கள் வார்டு உறுப்பினரிடமும் கேளுங்கள். தறி ஓடணும், ஆறும் ஓடணும். இரண்டையும் சேர்த்துக் கேட்பது நம் உரிமை.