ஏ.சி.யை மாற்றலாமா? மின்மீட்டர் சொல்லும் பதில்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடம் நடத்தும்போது, மின்திறனும் கிலோவாட் மணியும் பல மாணவர்களுக்கு வெறும் சூத்திரங்களாகவே நின்றுவிடுகின்றன. "60 வாட் பல்பு 5 மணி நேரம் எரிந்தால் எத்தனை யூனிட்?" என்று கேட்டால் விடை வந்துவிடும். அந்த விடையை வைத்து என்ன முடிவு எடுப்பது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை உடைக்க என் வீட்டுப் பிரச்சினை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிரச்சினை இதுதான்

எங்கள் வீடு வேலூரில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள தளத்தில் இருக்கிறது. கத்திரி வெயிலில் இரவு பத்து மணிக்கும் கூரை அனல் கக்கும். 74 வயதான என் அம்மா படுக்கும் அறையில் 2012இல் வாங்கிய ஒன்றரை டன் ஏ.சி. இருக்கிறது. 2023 மே மாதம் அது சரியாகக் குளிரவில்லை. ஓர் இரவு அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்து, விடியும்வரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் வந்த மெக்கானிக், "மேடம், பத்து வருஷம் தாண்டிடுச்சு. இதுக்குச் செலவு பண்றதே வேஸ்ட், புதுசு வாங்கிடுங்க" என்றார். கையில் பணம் இல்லை. கடன் வாங்கித்தான் மாற்ற வேண்டும். அவர் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அறிவியல் ஆசிரியராக இருந்துகொண்டு, அளந்து பார்க்காமல் எப்படி முடிவெடுப்பது?

அளந்தது எப்படி?

வீட்டு மின்மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏ.சி.யை மட்டும் ஓடவிட்டு எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 96 மினுக்கல்கள். மணிக்கு 96 × 60 = 5760. அதை 3200 ஆல் வகுத்தால் 1.8 கிலோவாட்.

அடுத்து இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீட்டரைக் குறித்தேன். 15.5 யூனிட் ஓடியிருந்தது. அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஓர் இரவு ஏ.சி. போடாமல் பார்த்தபோது ஃபிரிட்ஜும் மின்விசிறியும் சேர்ந்து 1.5 யூனிட். ஆக ஏ.சி.க்கு மட்டும் 14 யூனிட். கம்ப்ரசர் நிற்காமல் 8 மணி நேரம் ஓடினால் 14.4 யூனிட் ஆகும். அதாவது, அது இரவு முழுக்க ஏறக்குறைய நிற்கவே இல்லை.

பிறகு வேறொரு மெக்கானிக்கை அழைத்து, 600 ரூபாய் செலவில் வடிகட்டியையும் உள் காயிலையும், வெளியே உள்ள யூனிட்டின் காயிலையும் நன்றாகக் கழுவவைத்தேன். வெளி யூனிட்டில் அடைந்திருந்த தூசியைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அறையின் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டிய காயில் தூசியால் மூடியிருந்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் உழைக்கத்தானே வேண்டும்? கழுவிய பின் ஓர் இரவுக்கு 11 யூனிட். கம்ப்ரசர் சுமார் 6 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. அறையும் குளிர்ந்தது.

வகுப்பில் நடந்தது

ஜூலையில் இந்தக் குறிப்பேட்டை அப்படியே வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். "டீச்சர் வீட்டு ஏ.சி.யை மாற்றலாமா, வேண்டாமா?" என்று கரும்பலகையில் எழுதி, நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து இந்த விவரங்களைக் கொடுத்தேன்:

1. பழைய ஏ.சி.: ஓர் இரவுக்குக் கழுவும் முன் 14 யூனிட், கழுவிய பின் 11 யூனிட்.
2. புதிய ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி.: பொருத்தும் செலவுடன் 45,000 ரூபாய். பழையதைக் கொடுத்தால் 4,000 கழிவு. நிகரம் 41,000.
3. ஆண்டுக்கு 150 இரவுகள், இரவுக்கு 8 மணி நேரம்.
4. சேமிக்கும் யூனிட் ஒன்றுக்கு 8 ரூபாய் எனக் கணக்கில் கொள்க.

புதிய ஏ.சி. எவ்வளவு மின்சாரம் எடுக்கும்? அதன் நட்சத்திர லேபிளில் 1600 மணி நேரத்துக்கான நுகர்வு போட்டிருக்கும். நான் பார்த்த மாடலில் சுமார் 760 யூனிட். 8 மணி நேரத்துக்கு 3.8. எங்கள் மாடி வெயிலை எண்ணி 5 என்று கூட்டியே வைத்துக்கொண்டோம்.

முதல் குழு 14ஐ எடுத்துக்கொண்டது. சேமிப்பு இரவுக்கு 9 யூனிட். ஆண்டுக்கு 1350 யூனிட், 10,800 ரூபாய். போட்ட பணம் 3.8 ஆண்டில் திரும்பும். "மாத்திடலாம் டீச்சர்!" இரண்டாம் குழு 11ஐ எடுத்தது. சேமிப்பு 6 யூனிட். ஆண்டுக்கு 900 யூனிட், 7,200 ரூபாய். பணம் திரும்ப 5.7 ஆண்டு. அதே ஏ.சி.தான். 600 ரூபாய் சர்வீஸ் விடையை இரண்டு ஆண்டு தள்ளிவிட்டது. முதலில் கழுவு, பிறகு அள, அதன் பிறகு முடிவெடு என்ற வரிசை ஏன் முக்கியம் என்பது நான் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்தது.

அப்போது ஒரு மாணவி எழுந்து, "எங்க சித்தி வீட்டுல வெயில் காலத்துல ரெண்டு மாசம், அதுவும் ரெண்டு மணி நேரம்தான் போடுவாங்க. அவங்களும் மாத்தணுமா?" என்று கேட்டாள். இதை நான் திட்டமிடவில்லை. ஏ.சி. நம்முடையது போன்றதே என்று வைத்துக் கணக்கிட்டோம். மணிக்குச் சேமிப்பு 0.75 யூனிட். ஆண்டுக்கு 120 மணி நேரம், 90 யூனிட், 720 ரூபாய். பணம் திரும்ப 57 ஆண்டு! வகுப்பே சிரித்தது. ஏ.சி.யின் வயதைவிட அது ஓடும் மணிகளே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பதை அந்தக் கேள்வி நிறுவிவிட்டது.

ஏ.சி. இல்லாத வீட்டுப் பிள்ளைகள்

எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் வீட்டில் ஏ.சி. கிடையாது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். "எங்க வீட்டுல ஃபேன்தான்" என்று ஒருவன் சொன்ன பிறகுதான் அடுத்த வகுப்பை மின்விசிறிக்கு ஒதுக்கினேன். பழைய மின்விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. மின்விசிறி 28 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 42 யூனிட் மிச்சம். 140 யூனிட் ஆகும் வீடு 98க்கு இறங்கி, கட்டணமில்லாத முதல் 100 யூனிட்டுக்குள் வந்துவிடும். ஏற்கெனவே 90 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கோ பணமாக ஒரு ரூபாயும் மிச்சமில்லை. ஒரே பொருள், இரண்டு வீட்டுக்கு இரண்டு விடை.

இங்கேயே படிநிலைக் கட்டணத்தையும் விளக்கலாம். நாம் சேமிக்கும் யூனிட்டுகள் உச்சிப்படியிலிருந்து கழிகின்றன. எனவே மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரியை எடுத்தால் சேமிப்பு குறைத்துக் காட்டும். கடைசிப் படியின் விலையைத்தான் எடுக்க வேண்டும்.

கணக்கோடு சேர வேண்டிய அறிவியல்

"கேஸ் தீர்ந்துபோச்சு, வருஷா வருஷம் நிரப்பணும்" என்று பலரும் நம்புகிறார்கள். ஏ.சி.யின் குளிர்பொருள் மூடிய குழாய்களுக்குள் ஆவியாகியும் திரவமாகியும் சுற்றிக்கொண்டே இருப்பது. வண்டியின் பெட்ரோலைப்போலத் தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிவு என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். எங்கள் பழைய ஏ.சி.யில் இருந்தது ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பொருள். 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே படிப்படியாக விலக்கப்பட்டு வருவது. நட்சத்திரங்களையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் 2012இன் மூன்று நட்சத்திரமும் இன்றைய மூன்று நட்சத்திரமும் ஒன்றல்ல.

நாங்கள் எடுத்த முடிவு

அந்த ஆண்டு மாற்ற வேண்டாம் என்று வகுப்பு தீர்ப்பளித்தது. ஆனால் எப்போது மாற்றுவது என்பதையும் எழுதிவைக்கச் சொன்னேன். மாணவர்கள் எழுதியவை: கழுவிய பிறகும் இரவுக்கு 13 யூனிட்டைத் தாண்டினால், பழுதுச் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால், கேஸ் கசிந்தால். கசிவுக்கும் ஒரு கணக்கு போட்டார்கள். ஆண்டுக்கு 3,000 ரூபாய் கேஸ் செலவு சேர்ந்தால் மாற்றுவதன் சேமிப்பு 10,200 ஆகி, பணம் நான்கு ஆண்டில் திரும்பிவிடும். நான்காவதை நான் சேர்த்தேன்: எதுவானாலும் கத்திரிக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். மே மாதம் ஏ.சி. நின்றுபோனால், புதியது வந்து பொருத்தும்வரை அம்மா அந்த அறையில் படுக்க முடியாது. இதற்கு ரூபாயில் விலை போட முடியாது என்பதும் கணக்கின் ஒரு பகுதிதான்.

2024 மார்ச்சில் சோதனைக்காகப் போட்டபோது காற்று குளிரவில்லை. காயிலில் கசிவு. இம்முறை யாரிடமும் யோசனை கேட்கவில்லை, மாற்றிவிட்டேன். பத்து மாதங்களாகச் சிறுகச் சேர்த்ததால் கடனும் பாதிதான் தேவைப்பட்டது. ஏப்ரலில் அளந்தபோது இரவுக்கு 5.2 யூனிட். நாங்கள் கூட்டிவைத்த 5 கூடக் கொஞ்சம் குறைவுதான்! தேர்வு முடித்துப் போகும் பிள்ளைகளிடம் அந்த எண்ணைச் சொன்னபோது, ஒருவன், "அப்போ எத்தனை வருஷம் டீச்சர்?" என்று விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

மாணவர்கள் மீட்டரைப் பார்த்து எண்ண மட்டும் வேண்டும்; தொடக் கூடாது என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். மின்கட்டண விவரத்தை வீட்டிலிருந்து கொண்டுவரக் கட்டாயப்படுத்தாதீர்கள். சில வீடுகளில் அது சங்கடம். பள்ளியின் மீட்டரும் மின்விசிறிகளும் போதும். எட்டாம் வகுப்பில் இதையே வாழ்வியல் கணிதத்துடன் இணைக்கலாம். மதிப்பீட்டுக்கு ஒரே கேள்வி போதும்: "உன் வீட்டில் அல்லது பள்ளியில் உள்ள ஒரு மின்சாதனத்தை மாற்றலாமா? எதை அளந்து முடிவு செய்வாய்?" விடை 'ஆம்' ஆனாலும் 'இல்லை' ஆனாலும் மதிப்பெண் கொடுங்கள், அளந்ததற்கான எண்கள் மட்டும் இருக்கட்டும்.